அவரைக்கொடியில் வந்த பூச்சி

அன்புள்ள ஸ்வப்னா அப்பாவுக்கு,

அம்பிகா எழுதுவது. எல்லைப் பனியில் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் போன் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டு ஷ்வேதாவின் கணவர் நாளை உங்கள் யூனிட்டுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். ஸ்வப்னாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

நீங்கள் நட்டுவிட்டுப் போன அவரை பால்கனி முழுக்கப் படர்ந்து பூத்தது. கூடவே வந்தது ஒரு சனியன். ஒல்லி உடம்பு, குச்சிக் கால்கள், இறக்கையை இரண்டு பக்கமும் விறைப்பாக நீட்டிக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருக்கும். பார்த்தாலே உடம்பு கூசும். ஏதோ பெரிய கொசு என்று நினைத்தேன். டெங்குக் காலம் ஆயிற்றே! கண்ணில் பட்டதையெல்லாம் செருப்பால் அடித்தேன். சீ, இத்தனை பெரிய மச்சரா என்று ஷ்வேதாவும் முகத்தைச் சுளித்தாள்.

ஸ்வப்னா மட்டும் அது கொசுவே இல்லை என்றாள். போட்டோ எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். இறக்கை இறகுபோலப் பிரிந்து பிரிந்து இருந்தது. இறகு அந்துப்பூச்சியாம், யாரையும் கடிக்காதாம், அதன் புழு அவரை மொட்டையும் காயையும் தின்னுமாம். ஒரு காயைப் பிளந்தேன். உள்ளே பச்சைப் புழு, உடம்பெல்லாம் முள் முள்ளாக முடி, பருப்பின் மேல் அதன் எச்சம். கூட்டுப்புழுவுக்குக் கூடுகூடக் கிடையாது. அதே முள்ளோடு காயில் ஒட்டிக்கொண்டிருந்தது. காயை வீசி எறிந்தேன். உனக்கு இதெல்லாம் எதற்கு, போய்ப் படி என்று அவளைத்தான் திட்டினேன்.

அவளுக்குக் காய்ச்சல் வந்த பிறகு, கொசு பார்க்க வந்த மாநகராட்சிக்காரர்கள் ஜன்னலில் இருக்கும் தண்ணீர்க் கூலரைத் திறந்தார்கள். வெயில் குறைந்ததும் அதை நிறுத்திய நான் தண்ணீரைக் கொட்டவில்லை. கொழகொழவென்று பாசி, அதில் நெளிநெளியாகக் கொசுப்புழு. அவள் கட்டிலை ஒட்டிய ஜன்னலில்தான் இத்தனையும். நான்தான் அள்ளிக் கொட்டினேன். எத்தனை சோப்புப் போட்டும் நாற்றம் போன மாதிரி இல்லை. இந்தக் கையால் சாப்பிடவே அருவருப்பாக இருக்கிறது.

பிளேட்லெட் இன்று இன்னும் இறங்கியிருக்கிறது. பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கண் விழித்தால் அப்பா எப்போது வருவார் என்று மட்டும் கேட்கிறாள். மலை மந்திர் முருகனிடம் வேண்டாத வேண்டுதல் இல்லை.

உங்கள் அதிகாரியிடம் இதைப் படித்துச் சொல்லுங்கள். லீவு தந்தால் வீட்டுக்குப் போக வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு திட்டுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
அம்பிகா