கொடியடுப்பில் கிடக்கும் பால்

அன்புள்ள யமுனா அக்காவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் ஆடுகளும் சுகம். திருப்பூரில் நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். எங்களிடம் நீ விட்டுப்போன உன் மகன் தரணியை மட்டும் அந்தச் சுகக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. அம்மா சொல்வதைத்தான் எழுத உட்கார்ந்தேன், என் பங்கும் கொஞ்சம் சேரும், கோபித்துக்கொள்ளாதே. போனில் நீங்கள் இரண்டு பேரும் போடுகிற சத்தத்தில் நான் எங்கே வாயைத் திறப்பது.

முதலில் நான் பார்த்தது அவன் நாக்கை. சொரசொரப்பே இல்லாமல் சிவந்து வழவழவென்று இருந்தது. ரசம் சோறு ஊட்டினால் அழுதான். அம்மாவிடம் சொன்னதற்கு, “பல்லு மொளைக்குது கண்ணு, நீ பெரிய டாக்டரு” என்று சிரித்தாள். நம் வீட்டு வழக்கம் உனக்கே தெரியும். விடிந்ததும் செவலை ஆட்டைக் கறந்து கொடியடுப்பில் ஏற்றினால், பெரிய அடுப்பில் களியோ குழம்போ வெந்நீரோ எது வெந்தாலும் பக்கத்தில் அந்தச் சூட்டிலேயே பால் பொழுது சாயும்வரை சுண்டிக்கொண்டு கிடக்கும். சுண்டினால்தான் சத்தாம் அம்மாவுக்கு. பிள்ளையும் அதைக் குடித்துக் குடித்து, ஒன்றரை வயதாகியும் சோற்றைத் தொடுவதில்லை. நீயோ ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, காய்ச்சினால் சத்தெல்லாம் போய்விடும், கறந்த சூட்டோடு பச்சையாகக் கொடு என்று போன் போட்டுச் சண்டை பிடித்தாய். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அவ பெத்த புள்ள, அவ சொல்றபடியே குடிக்கட்டும்” என்று கறந்த பாலை அப்படியே டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் பேதி. துவண்டு போனவனைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நர்ஸ் அவன் நாக்கையும் கண் இமையையும் பார்த்ததுமே ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டார். ரத்தம் ரொம்பக் குறைவு, அக்கா. “ஏனுங்கம்மா, பச்சப்பாலுல கிருமி இருக்குமுங்க. நல்லா ஒரு கொதி வந்தா செத்துரும், அதோட எறக்கீருங்க. சுண்ணாம்புச்சத்து எங்கயும் போயிராது. நாள் பூரா கொதிக்க உட்டா இருக்கற வைட்டமினும் வீணாப் போயிரும்ங்க. ரத்தம் ஊற வேண்டிய வைட்டமின் ஆட்டுப்பாலுல மொதல்லயே கம்மி. பாலுலயே வயித்த நெரப்பாம கீரை, பருப்பு, முட்டைன்னு ஊட்டுங்க” என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினாள். பஸ் ஏறியதும், “அந்த நர்சுப் புள்ளைக்கு ஒரு ஆட்டக் கறக்கத் தெரியுமா?” என்கிறாள். மறுநாள் காலையிலும் பால் கொடியடுப்பில்தான். உனக்குச் சொல்லச் சொன்னது இது: உன் வீடியோவை நீயே காய்ச்சிக் குடிப்பாயாம். இதை எழுதாமல் விட்டால் எனக்குத் திட்டு விழும், அதனால் எழுதிவிட்டேன்.

எனக்கு உங்கள் இரண்டு பேரிடமும் அலுத்துவிட்டது. நீ சொன்னதும் தப்பு, அம்மா செய்வதும் தப்பு. நடுவில் வெளுத்துப் போய்க் கிடப்பது பிள்ளை. மருந்து கொடுக்கிறேன், பேதி நின்றுவிட்டது. முருங்கைக்கீரையைப் பருப்போடு கடைந்து ஊட்டினால் பாதியைத் துப்பிவிட்டு மீதியை விழுங்குகிறான். அடுத்த மாதம் மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு நீ கட்டாயம் லீவு போட்டுவிட்டு வா. வரும்போது அம்மாவோடு சண்டை போடாதே, வந்த பிறகும்தான். உனக்கும் மாமாவுக்கும் நோய் நொடி அண்டாமல் அறப்பளீஸ்வரர் காக்கட்டும் என்று அம்மா சொல்கிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

இன்று காலை அம்மா மிளகுக் கொடி பார்க்கப் போன நேரத்தில் பால் பொங்கி வந்தது. கிளறி, நன்றாகக் கொதிக்கவிட்டு, சட்டியை இறக்கித் தண்ணீரில் வைத்து ஆற்றினேன். அம்மா திரும்பி வந்து, “பால ஆரு எறக்குனது?” என்று கத்தினாள்.

நான்தான் என்றேன்.

அம்மா சென்னம்மாள் சொல்ல எழுதிய
உன் தங்கை மேனகா