தீர்ப்புக்கு மறுநாள்

என் பிரியமுள்ள தங்கச்சி மீனாளுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் உன் கதர்ச் சேலைகளை வெயிலில் உலர்த்தி மடித்து வைக்கிறாள். எதற்கென்று நாங்கள் யாரும் கேட்பதில்லை.

கருப்பாயியைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். புருஷன் செத்த பதினாறாம் நாளே கொழுந்தன்மார் வீட்டைப் பூட்டி, அவளையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் தெருவில் நிறுத்தினார்கள். ஆலங்குடிப் பக்கம் கிராம சேவகியாக வேலை பார்த்த நீதான் அவளைப் புதுக்கோட்டைக்கு, என் வக்கீல் ஆபீசுக்கு அழைத்து வந்தாய். விதவைக்கும் சொத்தில் பங்கு உண்டென்று புதுச் சட்டம் வந்திருந்த சமயம். வழக்கை ஜெயித்தோம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீ மட்டும் கேட்டாய்: “கோர்ட்டு அமீனா வந்து பூட்டைத் தெறந்துட்டுப் போயிருவாரு. மறுநா காலையில அவளோட யாருண்ணே நிப்பா?”

நீ பயந்தபடியே ஊர் அவளை ஒதுக்கியது. கடலை பறிக்க ஒருவரும் கூப்பிடவில்லை. நீ அந்த வீட்டிலேயே தங்கினாய். கடலை போட்ட கொல்லை கொல்லையாகப் போய் அவளுக்கு வேலை கேட்டாய். கிடைத்த இடத்தில் அவள் பக்கத்தில் குனிந்து நீயும் கடலை பறித்தாய்.

கேள்விப்பட்டு ஓடி வந்த நான், அத்தனை பேர் முன்னால் கத்தினேன். “வக்கீல் தங்கச்சி கூலிக்குக் கடலை பறிக்கிறதா? என் மானத்தை வாங்காத, கெளம்பு!”

“கோர்ட்டுல அவளுக்காகப் பேசுனது நீங்கதானாண்ணே?” என்றாய்.

அதன்பிறகு நீ வீட்டுக்கு வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. மஞ்சள் காமாலை என்று தந்தி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது. உன் காதருகே நான் சொன்னது எதுவும் உனக்குக் கேட்டதா மீனா?

போன திங்கட்கிழமை கருப்பாயி என் ஆபீசுக்கு வந்தாள். கூடவே ஓர் இளம் விதவை. அவளையும் வீட்டை விட்டு விரட்டியிருக்கிறார்கள்.

“ஒங்க தங்கச்சி இருந்தா இவளுக்குத் தொணையா நின்னுருப்பாக. அவுக இல்ல, நான் நிக்கிறேன். நீங்க கேஸைப் பாருங்கய்யா” என்றாள்.

குமாஸ்தா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன்.

வழக்கை எடுத்துக்கொண்டேன். தீர்ப்பு வந்ததும் கேஸ் கட்டை மூடிவிட்டு அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிட மாட்டேன், மீனா. அந்தப் பெண் தன் வீட்டுக்குள் கால் வைக்கும்போது நானும் வாசலில் இருப்பேன். ஊர் அவளோடு பேசும்வரை போய்ப் போய் நிற்பேன்.

ஊர் முன்னால் உன்னைத் திட்டி, இன்று ஊரார் படிக்கப் பத்திரிகையில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
உன் அண்ணன்,
சொக்கலிங்கம்