நிஜச் சுவர்

அன்புத் தங்கச்சி மல்லிகாவுக்கு,

நீ எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டை நேற்று விற்றுவிட்டேன். கோபப்படாமல் முழுக்கக் கேள்.

பெரம்பலூர் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்களுக்கு அதைத்தானே போட்டுக் காட்டுவேன்? மணல் கொட்டலாம், தண்ணீர் விடலாம், சுண்ணாம்புக்கல்லை அடுக்கிச் சரிக்கலாம். அரியலூர் லாரிக்காரர்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள்.

பிறகு நீ எலக்ட்ரானைச் சேர்த்தாய். செந்துறைக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நீலப் புள்ளி சுவருக்கு இந்தப் பக்கம் மறைந்து அந்தப் பக்கம் முளைத்தது. "மிஷினே கோளாறுங்க" என்று எழுந்து போய்விட்டார். நான் உன்மேல் பாய்ந்தேன்.

"சுவருன்னா சுவரா இருக்கணும். ஒழுகுற சுவர எவன் வாங்குவான்?"

"மணலுக்குத்தாண்ணே அது சுவரு. எலக்ட்ரான் நிஜத்துலயே எப்பவாச்சும் தாண்டிடும். எது தாண்டும்னு சொல்ல முடியாது. நூறு விட்டா ஏறக்குறைய எத்தனைன்னு சொல்லிடலாம்."

"இது என்னடி கணக்கு?"

"உன் கடைக் கணக்குதான். வர்றவங்கள்ல யாரு வாங்குவாங்கன்னு உனக்குத் தெரியுமா? ஆனா பத்து பேரு வந்தா மூணு பேருன்னு அடிச்சுச் சொல்றியே!"

நான் அதட்டினேன்: எடுத்துவிடு. நீ சரியென்றாய். அந்தத் தையிலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டாய். அப்புறம் அதைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை.

பள்ளிக்கூடங்களுக்குப் பாட சி.டி. போடும் திருச்சிக்காரர் கேட்டு வந்ததால்தான் போன வாரம் திறந்தேன். நீ எடுக்கவே இல்லை. மூலையில் இரண்டு பட்டன் வைத்திருக்கிறாய்: 'அண்ணன் சுவர்', 'நிஜச் சுவர்'. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, கழுதை?

நிஜச் சுவரை அழுத்தி நூறு எலக்ட்ரானை விட்டேன். ஒன்பது தாண்டின. மறுபடி நூறு, ஏழு. சுவரைத் தடிமனாக்கினேன், ஒன்றே ஒன்று. அன்றைக்கே உன் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

திருச்சிக்காரர், "அந்தத் தாண்டுற சமாச்சாரம் வேணாங்க. வாத்தியாருங்க தப்புன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. எடுத்துட்டா இருபதாயிரம்" என்றார்.

"அது தப்பில்லீங்க. அதுதான் சரக்கே" என்றேன். முக்கால் மணி நேரம் பேசினோம்.

முடிந்தது இப்படி: திறந்ததும் நிஜச் சுவர்தான் வரும். முதல் திரையில் உன் பெயர். தப்பென்று எந்த வாத்தியார் திருப்பி அனுப்பினாலும் நானே நேரில் போய் விளக்க வேண்டும். போவேன், இது உனக்கும் கொடுக்கும் வாக்கு. விலை பன்னிரண்டாயிரம்.

யாருக்கும் தராத தள்ளுபடியாக எட்டாயிரம் தள்ளிக் கொடுத்த,
உன் அண்ணன்