அழிக்கும் பொத்தானுக்குப் பச்சை நிறம்

மண்ணுக்குள் படுத்தபடி, இனி இவனால் தன்னை என்ன செய்ய முடியும் என்று நிம்மதியாக இருக்கும் என் அருமை மச்சான் பாவிலுவுக்கு,

நான் செபமாலை. உன் மனைவி மதலேனின் அண்ணன். இந்தக் கடிதத்தை நானேதான் எழுதுகிறேன். யாரையும் பிடித்து எழுதுவிக்கவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். காலைத் தேநீருக்குப் பிறகு உட்கார்ந்தேன். மீன்காரன் வந்து போய்விட்டான். இப்போதுதான் உன் பெயரைத் தாண்டியிருக்கிறேன். உனக்கு அவசரம் ஒன்றும் இல்லையே?

உன் ஆண்டுத் திருப்பலிக்கு அச்சடித்த நினைவு அட்டையை வாசித்தேன். கோயில் வாசலில் நின்று, எழுத்துக் கூட்டி, வாய்விட்டு வாசித்தேன். "பாசத்தின் சிகரமே" என்று போட்டிருக்கிறார்கள். சிகரமாம்! வாசிக்கத் தெரியாத காலத்தில் இப்படி எத்தனை பொய்க்கு நான் தலையாட்டியிருப்பேன்? என் தோள் குலுங்குவதைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற பெண்கள் நான் அழுவதாக நினைத்தார்கள். சிரித்தேன், மச்சான்.

இந்த வயதில் நான் ஏன் எழுத்துப் படித்தேன் என்று உனக்குத் தெரியுமா? உன் மேலிருந்த ஆத்திரத்தில் படித்தேன்.

அந்தக் காலையை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. சண்டையில் ஊர் கலைந்தபோது என் தகப்பனின் வள்ளம் போனது. நான் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனேன். நீயும் மதலேனும் இங்கே முகாம் முகாமாக அலைந்தீர்கள். சண்டை முடிந்ததும் உங்களை முதலில் குடியேற்றினார்கள். உனக்கு வெள்ளை நிறத்தில் ஒரு பைபர் வள்ளமும் கொடுத்தார்கள். நான் சில வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தேன். வந்த மறுநாள் விடியக் கரைக்குப் போய் நின்றேன். தூரத்தில் ஒரு வள்ளம் வந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் நீலம். விளிம்பு மஞ்சள்.

நம் கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறம் இருந்தது உனக்குத் தெரியும். முகம் தெரியாத தூரத்திலேயே நிறத்தைப் பார்த்து, இன்னார் வருகிறார் என்று வீட்டில் அடுப்பை மூட்டுவார்கள். படித்தவர்களுக்குக் கையெழுத்து இருந்தது. எனக்கு அந்த நீலமும் மஞ்சளும்தான் கையெழுத்து. கோயில் மாதாவின் மேலாடைக்கு அடித்து மிஞ்சிய நீலத்தைக் கொண்டுவந்து என் தகப்பன் தொடங்கிய நிறம் அது. அன்று அதைக் கடலில் கண்டதும் என் கால்கள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. தகப்பன் செத்துப் பல வருடம். வள்ளம் போய்ப் பல வருடம். ஆனாலும் இறங்கினேன்.

வள்ளம் கரை தட்டியது. அதிலிருந்து நீ குதித்தாய்.

"ஆரின்ர நிறமடா இது?" என்று கேட்டேன்.

"ஏன், காணிக்கு மாதிரி நிறத்துக்கும் உறுதிப் பத்திரம் வச்சிருக்கிறியோ?" என்றாய்.

"அப்பாவின்ர நிறம். மகன் நான் உயிரோட நிக்கிறன்."

"உறுதி இருந்தாலும், அதை ஆர் மச்சான் உனக்கு வாசிச்சுக் காட்டுறது?"

கரையில் வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ சாகும்வரை நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இரண்டு தீர்மானம் எடுத்தேன். ஒன்று, எழுத்துப் படிப்பது. மற்றது, உன் வள்ளத்திலிருந்து என் நிறத்தை எடுக்காமல் சாவதில்லை என்பது.

பங்கு மண்டபத்தில் சிஸ்டர் முதியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். கிழவிகளுக்கு நடுவில் நான் ஒருவன்தான் ஆண். வாசிப்பது வந்தது. எழுதுவதுதான் வரவில்லை. கயிறு இழுத்து இழுத்து மடங்கிப்போன விரல்கள் பேனாவைப் பிடித்தால் தாள் கிழிகிறது. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். யாருக்கு வாசித்துக் காட்டுவதற்காகப் படித்தேனோ அந்த ஆளே இல்லை. நீ எனக்குச் செய்த அநியாயங்களில் பெரியது அதுதான்.

என் மகள் ஜெசிந்தா மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பி, தட்டச்சுக் கடை வைத்திருக்கிறாள். அங்கே உட்கார்ந்து கணினியில் என் பெயரைத் தட்டிப் பழகினேன். முதன்முதலாக முழுப் பெயரையும் தட்டி முடித்து நிமிர்ந்தபோது கடை வாசலில் ஒரு கழுதை தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. உனக்குப் பதிலாக அதற்கு வாசித்துக் காட்டினேன். நீ கேட்டிருந்தாலும் இதைவிட அதிகமாக விளங்கியிருக்காது.

கடையில் இருந்த கீபோர்ட் பழஞ்சோறு போல. அமுக்கினால் குழையும்; எழுத்து விழுந்ததா இல்லையா என்று தெரியாது. ஜெசிந்தாவுக்கு ஒரு விநோதமான பொழுதுபோக்கு இருக்கிறது. கொழும்பிலிருந்து துண்டு துண்டாகச் சாமான் எடுப்பித்து, கீபோர்ட்டைத் தானே கட்டுவாள். அதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே தனித்தனிச் சுவிட்ச். தட்டினால் "டக்" என்று பதில் சொல்லும். அவளுடையதைத் தட்டிப் பார்த்து நான் விடவில்லை.

"சரி, உங்களுக்கும் ஒண்டு கட்டித் தாறன்" என்றாள். "என்ன நிறம் அப்பா? கறுப்பும் சாம்பலும் எல்லாரும் வச்சிருக்கினம். இது உங்கட. பார்த்தால் உங்கட எண்டு தெரியவேணும்."

அவள் வாயை மூடுவதற்குள் சொன்னேன். "மாதா நீலம்."

"எந்தக் கோயில் மாதா? கோயிலுக்குக் கோயில் வேற நீலம்."

"எங்கட மாதா."

"எங்கட மாதாவுக்குத்தான் போன திருநாளுக்குப் புதுப் பெயின்ற் அடிச்சிட்டினமே."

தொலைபேசியில் நீலங்களைக் காட்டினாள். கண் நீர் வடியும்வரை பார்த்தேன். அது அதற்குள் இல்லை. கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கோபிக்காதேங்கோ அப்பா. அந்த நிறம் இப்ப ஒரே ஒரு இடத்திலதான் இருக்கு."

எனக்கா தெரியாது? நீ எடுத்து வைத்திருக்கிறாய். நீ எடுத்ததைப் பார்க்க நான் உன் வளவுக்கு வர வேண்டும்!

உன் சவ அடக்கத்தன்றுகூட வளவுக்குள் வராமல் வெளியே ஒழுங்கையில்தான் நின்றேன். இந்த முறை கத்தியோடு உள்ளே வந்தேன். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் வள்ளம் கரையேறிக் கிடந்தது. நகமளவு சுரண்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். கத்தி பட்டதும் முழுவதையும் சுரண்டிவிட வேண்டும் போல இருந்தது. உன் மகன் அமலன் ஓடி வந்தான். அவனுக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, தெரியுமா?

"மாமா, என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ. நான் எடுத்துத் தாறன்."

"உன்ர கொப்பர் எடுத்ததைத் தா."

"எவ்வளவு?"

"எல்லாம். கடலுக்கு இறக்க முன்னம் இதுக்கு வேற நிறம் அடி. இது என்ர."

அவன் எனக்குப் பின்னால் பார்த்தான். திரும்பினேன். மதலேன் தேத்தண்ணியோடு நின்றாள்.

"அவரைத் திட்டுறதெண்டால் திட்டுங்கோ அண்ணை" என்றாள். "திட்டுறதுக்குக் காரணம் எத்தினையோ இருக்கு. ஆனா நிறத்துக்காகத் திட்டாதேங்கோ. அடிக்கச் சொன்னது நான்."

எனக்கு விளங்கவில்லை.

"குடுத்த வள்ளமெல்லாம் வெள்ளை. விடியக் கரையில நிண்டால் எது என்ர மனுசன்ர எண்டு தெரியேல்லை. ஒரு கிழமை பாத்தன், ஏலாமப் போச்சு. சின்னனில இருந்து எனக்குத் தேடத் தெரிஞ்சது அப்பாவின்ர நிறம் ஒண்டுதான்."

"அது மகனுக்கு வாறது."

"அப்ப எனக்கு அப்பா ஆர் அண்ணை, பக்கத்து வீட்டுக்காரரோ?"

மகளுக்கு வீடு, மகனுக்கு வள்ளம். நம் பக்கத்து வழக்கம் அதுதான். அவளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்தார்கள், எனக்கு வள்ளத்தைக் கொடுத்தார்கள். வள்ளத்தின் நிறம் யாருக்கு என்று யாரும் பேசவில்லை. கரையில் நின்று அந்த நிறத்தைத் தேடியவள் அவள். வள்ளத்துக்குள் இருந்த எனக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் நீ தப்பிவிட்டதாக நினைக்காதே. அங்கேயே எனக்கு உன்மேல் புதிதாக ஒரு கோபம் பிடித்தது. அன்று கரையில் "உன்ர தங்கச்சி கேட்டவள்" என்று ஒரு வசனம் சொல்ல உனக்கு என்ன வந்தது? என் கோபம் அவள்மேல் திரும்பக்கூடாது என்று வாயை மூடினாயா? அல்லது அத்தனை பேருக்கு முன்னால் என்னை மடக்கியது அவ்வளவு ருசியாக இருந்ததா? இதை மதலேனிடமே கேட்டேன்.

"ரெண்டும்தான் அண்ணை. உங்களுக்கு அவரைத் தெரியாதோ?" என்றாள்.

இப்போது அந்த வள்ளத்தில் அமலன் போகிறான். மதலேன் இன்னும் விடியக் கரையில் நிற்கிறாள். பார்வை முன்புபோல இல்லை. நிறத்தை எடுத்தால் அவள் எதைத் தேடுவாள்? கத்தியை மடித்து மடியில் வைத்தேன். "நிறத்தை மாத்தவேண்டாம்" என்று அமலனிடம் சொன்னேன். என் இரண்டாவது தீர்மானம் அதோடு போனது. உனக்காக விட்டேன் என்று அங்கே கிடந்து பெருமைப்படாதே.

அமலன் நீலத்திலும் மஞ்சளிலும் ஒவ்வொரு துகள் சுரண்டித் தீப்பெட்டிக்குள் போட்டான். பிறகு முன்பக்கம் போய் அணியத்தில் சுரண்டி, கரும்பச்சைத் துகள் ஒன்றையும் போட்டான்.

"அது எனக்கு எதுக்கு?"

"அது அப்பாவின்ர, மாமா. இருக்கட்டும்."

உண்மைதான். என் தகப்பனின் வள்ளத்துக்கு அணியம் சிவப்பு. நீயோ அந்த இடத்தில் மட்டும் உன் தகப்பனின் பச்சையை அடித்திருந்தாய். களவெடுத்தவனுக்கும் கொஞ்சம் ரோசம் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஜெசிந்தாவின் சோற்றுப்பானை பாழாய்ப்போன கதை. கடைக்குப் பின்னால் அடுப்பு வைத்து, வெள்ளைப் பொத்தான் மூடிகளைச் சாயத்தண்ணீரில் போட்டு அவித்தோம். முதல் அவியலில் நீலம் கத்தரிக்காயாக வந்தது. அடுத்தது வெளிறிப்போனது. ஒவ்வொன்றையும் கரண்டியால் எடுத்து உன் துகளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒருமுறை எடுத்தபோது இரண்டும் ஒரே நிறமாக இருந்தன. நான் போட்ட சத்தத்தில் அடுத்த கடைக்காரர் ஓடி வந்தார்.

வெற்றிக் கிண்ணங்களில் பெயர் பொறிக்கிற கடை ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அங்கே மூடிகளில் எழுத்துப் பொறித்து எடுத்தோம். பொறித்த பள்ளங்களில் மெல்லிய தூரிகையால் வெள்ளை நிரப்பியது நான். அந்த நாட்களில் "ழ"வை என்னைவிடப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் மன்னாரில் இல்லை. ஜெசிந்தா ஈயம் உருக்கிச் சுவிட்சுகளைப் பலகையில் ஒட்டினாள். நான் மூடிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பூட்டினேன். நடுவில் எழுத்தெல்லாம் நீலம். சுற்றி விளிம்பு மஞ்சள். இடப்பக்கம் மேல் மூலையில் ஒரு சிவப்பு, அதுதான் அணியம். உன் வள்ளத்தில் இல்லாத சிவப்பு! பார் மச்சான், பார்.

"அப்பா, இந்தப் பெரிய பொத்தான் மட்டும் வெள்ளையா மிஞ்சிட்டுது" என்றாள். "பிழை விட்டால் அழிக்கிறது. இதுக்கும் மஞ்சளோ?"

தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். "பச்சை."

அவள் சிரித்த சிரிப்பில் ஈயக் கம்பி கீழே விழுந்தது. "மாமாவோ?"

"ஓம். பிழை விடேக்க ஆரின்ரயாவது தலையில ஒரு குட்டு வைக்கத்தானே வேணும்."

போன வாரம் சிலாவத்துறைச் சேகு நானா காணிக் கடதாசி கொப்பி எடுக்கக் கடைக்கு வந்தார். சண்டைக் காலத்தில் அவருடைய சனம் முழுவதும் ஊரைவிட்டுப் போக நேர்ந்ததே, அதுவரை நம் கரை வள்ளங்களைப் பார்த்தவர், அன்றிலிருந்து நெடுங்காலம் புத்தளத்தில் இருந்தவர். உன் வள்ளத்தை அவர் கண்ணாலும் கண்டதில்லை. மேசையில் இருந்த கீபோர்ட்டைக் குனிந்து பார்த்தார்.

"செபமாலை, இது உங்கட அப்பாட வள்ளமெல்லோ!"

கேட்டாயா? உறுதி கேட்டாயே, இதோ உறுதி. நான் பெருமையோடு கதிரையில் சாய்ந்தேன். அவர் விரல் மெதுவாகப் பச்சைக்குப் போனது.

"இதென்ன, பாவிலுட அப்பாட வள்ளமும் பக்கத்தில வந்து நிக்குது? நீங்க ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை எண்டெல்லோ கேள்விப்பட்டன்."

"இப்பவும் கதைக்கிறேல்லை நானா. குட்டுறன்" என்றேன்.

இந்தக் கடிதத்திலும் நீ நிறைய வாங்கிவிட்டாய். "சிகரம்" என்ற ஒரு சொல்லுக்கே மூன்று நான்கு முறை உன் தலையில் விழுந்தது. எழுதப் பழகுகிறவனுக்கு எழுத்தைவிடப் பிழைதான் அதிகம் என்று சிஸ்டர் ஆறுதல் சொல்வார். எனக்கு ஆறுதல் தேவையில்லை. பிழை வந்தால் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். ஜெசிந்தா கண்டுபிடித்துவிட்டதால் சொல்கிறேன். நீலமும் மஞ்சளும் சிவப்பும் மினுக்கம் ஏறாமல் இன்னும் புதிதுபோல இருக்கின்றன. உன் பச்சை மட்டும் என் விரல் பட்டுப் பட்டு மினுங்கத் தொடங்கிவிட்டது. "அப்பா, உங்கட கை அதிகம் போறது மாமாவிலதான்" என்றாள். கோபத்தில் பிழை ஒன்றும் இல்லாத இடத்தில் உன்னை இரண்டு தரம் தட்டினேன். நல்ல இரண்டு எழுத்துப் போய்விட்டது.

வாக்குத் தருகிறேன், மச்சான். அந்தப் பச்சை தேய்ந்துபோனால் திரும்பவும் அவித்து நிறம் ஏற்றுவேன். துகள் தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஜெசிந்தா புதிதாகப் பானையும் வாங்கிவிட்டாள். நான் எழுதும்வரை நீ அந்த மூலையை விட்டு அசைய முடியாது.

உன்னோடு இன்னும் கதைக்காத
உன் மச்சான்,
மதலேனின் அண்ணன்,
செபமாலை
தன் விரலாலேயே எழுதியது