விரித்துச் சொல்பவள்

பிப்ரவரி 4

இன்று பத்தாம் வகுப்புக்குத் தொகைநிலைத் தொடர் நடத்தினேன். இரண்டு சொல்லுக்கு நடுவே உருபு ஒளிந்திருக்கும், காதைப் பிடித்து அதை வெளியே இழுப்பதுதான் நம் வேலை என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் அதே வேலை. பக்கவாதம் வந்த பிறகு என் வீட்டுக்காரர் பேச்சில் உருபும் இல்லை, வினைமுற்றும் இல்லை. "கதவு காத்து" என்கிறார். "கதவு வழியா காத்து வருதா? கதவைச் சாத்தணுமா?" தலையாட்டுகிறார். உள்ளூர எனக்குப் பெருமைதான். இவரை என்னைத் தவிர வேறு யாரால் புரிந்துகொள்ள முடியும்?

பிப்ரவரி 9

"பொண்ணு போன்" என்றார். மகளுக்குப் போடவா, மகளிடமிருந்து வந்ததா, மகளுடைய போனா? மூன்றையும் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பிப்ரவரி 10

பேசவில்லை.

பிப்ரவரி 13

இன்னும் பேசவில்லை. கையைக் காட்டுகிறார், அவ்வளவுதான். பட்டறையில் வண்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டே நாலு பேரைச் சிரிக்க வைத்த மனுஷன். பேசப் பேசத்தான் பேச்சு திரும்பும், நிறுத்தினால் இருப்பதும் போய்விடும் என்கிறார் பயிற்சி கொடுக்க வருகிற பெண். பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 15

மகள் வந்திருந்தாள். சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா வாயைத் திறந்தாலே நீ பரீட்சை வைக்கிறேம்மா."

"புரிஞ்சுக்கத்தானே கேக்கறேன்."

"நீ புரிஞ்சுக்கறதுக்குள்ள சொல்ல வந்ததே அவருக்கு மறந்து போயிடுது."

சுருக்கென்றது. கோபமும் வந்தது.

பிப்ரவரி 16

தொகை என்பது குறைபட்ட பேச்சு இல்லை. கேட்கிறவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் சொல்கிறவர் உருபை விடுகிறார். வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வீட்டில் ஏன் உறைக்கவில்லை? வாயைப் பிடுங்கிப் பிடுங்கி — அடைத்ததே நான்தானா?

பிப்ரவரி 18

அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து துணி மடித்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய தண்டனை. அவரும் பேசவில்லை.

பிப்ரவரி 21

சாயங்காலம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "வெயில்" என்றார்.

நாக்கு நுனி வரை கேள்வி வந்தது. விழுங்கினேன். பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். வெகு நேரம் கழித்து, "நாற்காலி" என்றார். அப்புறம் வாயைக் கோணிக்கொண்டு, கஷ்டப்பட்டு, "நீயும்."

இரண்டு நாற்காலியை வாசலில் போட்டேன். வெயில் போகும் வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. 'ம்' கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.