வலது காதில் கோன்ராட்

போஸ்னான்,
நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி தாமியானுக்கு,

அக்கா லுத்விகா எழுதுவது. நலமா? மலைக்குப் போய் மூன்று வாரமாகியும் ஒரு வரி இல்லை. குடிசைக்குப் போன் எட்டாது என்று தெரியும். அடிவாரக் கடைக்காரர் வியாழக்கிழமை தபால் கொண்டுவருவார் என்று நம்பி எழுதுகிறேன்.

இங்கே நேற்று மார்ட்டின் திருநாள். கசகசா பூரணம் வைத்த பிறை ரொட்டி வாங்க ஒரு மணி நேரம் வரிசையில் நின்றேன். என் மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது.

மொத்தமாக அச்சடிக்கும் முன் சரிபார்க்க, உன் புது ஆல்பத்தின் சோதனை இசைத்தட்டு வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம்போல் ஹெட்ஃபோன் மாட்டி, பாடல் வரிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, நடுவில் எழாமல் கேட்டேன். முதல் பாட்டில் பியானோ தனியாக நடக்கிறது. நான்கு நிமிடம் கழித்துத்தான் கிடார் வருகிறது, வந்ததையே காட்டிக்கொள்ளாமல். மூன்றாவது பாட்டில் நீ குரலை உயர்த்துவாய் என்று காத்திருந்தேன். உயர்த்தவில்லை. இத்தனை வருடத்தில் நீ செய்ததில் இதுதான் சிறந்தது. முகஸ்துதி இல்லை, வானொலியில் இருபத்திரண்டு வருடம் ஒலிப்பதிவு பார்த்தவள் சொல்கிறேன்.

தட்டின் அடுத்த பக்கம் முழுவதும் அந்தப் பத்தொன்பது நிமிடப் பாட்டு. ஏழாவது நிமிடத்தில் காரின் வைப்பர் ஏழு ஏழாக அடிக்கத் தொடங்குகிறது. பழைய ஒத்திகை கேசட்டிலிருந்து கோன்ராட்டின் முனகலையும் இருமலையும் எடுத்துச் சேர்த்திருக்கிறாய். டிரம்ஸ் வாசிக்காத நேரத்திலும் அவன் அப்படித்தான் தாளம் எண்ணிக்கொண்டிருப்பான். கண்ணாடியில் மழை அடிப்பது என் இடது காதில் கேட்டது. கோன்ராட் வலது காதில் இருந்தான்.

நம் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம். கோன்ராட் இறந்த அந்த அக்டோபர் இரவு அவன்தான் ஓட்டினான், ஓட்டும்போதே தூங்கிவிட்டான் என்று போலீசிடம் சொன்னவன் நீ. அப்படியானால், பக்கத்து இருக்கையில் இருந்த உனக்கு அவன் இடது காதில் அல்லவா இருக்க வேண்டும்?

தட்டு அச்சடிப்பவர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். வேறெதுவும் அப்போது தோன்றவில்லை. தொழிற்சாலை ஜிக்முந்தைப் போனில் பிடித்துத் திட்டித் தீர்த்தேன். அவர் கோபப்படவே இல்லை. "அம்மா, எங்க மேல பழியைப் போடாதீங்க. உங்க தம்பி மூணு தடவை போன் பண்ணி, இடது இடதாவே இருக்கணும்னு உயிரை வாங்கிட்டாரு" என்றார். நம்பாமல் நீ கொடுத்த மூலப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் அப்படியேதான். மற்ற பாட்டுகளில் எதுவும் இடம் மாறவில்லை.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவனுக்குக் கேட்டதை, கேட்டபடியே பதிவு செய்திருக்கிறாய், தம்பி. கார் உருண்டதில் இரண்டு பேருமே வெளியே விழுந்து கிடந்தீர்கள். நீ சொன்னதுதான் சாட்சி என்றானது.

இவ்வளவு நீளப் பாட்டில், தாளம் எண்ணவே திணறும் இடத்தில், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாயா? நம் ரசிகர்களை உனக்குத் தெரியாதா? போன ஆல்பத்தில் நாற்காலி கிறீச்சிட்டதை மூன்று பேர் கண்டுபிடித்து எழுதினார்களே.

சனிக்கிழமை நான்கு மணிக்கு நம் வீட்டில் நண்பர்களுக்கு ஆல்பத்தின் முதல் கேட்பு. எப்போதும் வரும் பன்னிரண்டு பேர்தான். இம்முறை இவோனாவும் வருகிறாள். புருஷன் கோன்ராட் போனதிலிருந்து ஆறு வருடமாக நம் வாசலை மிதிக்காதவள். கல்லறைத் திருநாளன்று அவளைப் பார்த்தேன். ஊரெல்லாம் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது கோன்ராட்டின் அப்பா கல்லறைத் தோட்ட வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், மகன் மேல் விழுந்த பழிக்குக் கூசி உள்ளே வரவில்லை. இவோனாவிடம், புது ஆல்பத்தில் அவன் குரல் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வரேன் அக்கா. உன் தம்பியையும் சேர்த்துக் கொல்லப் பாத்தானேன்னு இன்னும் அவன் மேல கோவமா இருக்கேன். குரலைக் கேட்டாவது அது குறையுதான்னு பாக்கணும்."

பத்து வருடம் அந்தக் காரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனவள் அவள். ஹெட்ஃபோனை மாட்டியதும் தான் எந்த இருக்கையில் இருக்கிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

திங்கட்கிழமை அச்சுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். இடது, வலது ஒலிக் கம்பிகள் இரண்டையும் மாற்றிச் செருகிப் புதிதாகப் பதிவு எடுத்து அனுப்பினால் யாருக்கும் எதுவும் தெரியாது. இன்று மதியம் கம்பியைக் கழற்றியும் விட்டேன். அம்மாவுக்குப் பிறகு உன்னை வளர்த்தவள் நான். எனக்கு அந்த ஆசை வராதா? பிறகு வேலிக்கு வெளியே நின்ற அந்தக் கிழவர் நினைவுக்கு வந்தார். பழையபடியே செருகிவிட்டேன்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. உனக்கு என்ன வரும், வழக்கு வருமா, சிறையா, எனக்குத் தெரியாது. வக்கீலிடம் கேட்கலாம், நானும் கூட வருவேன். உன் அறையில் கணப்பு மூட்டி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு மலையடிவாரத்துச் சானோக்கிலிருந்து பேருந்து இருக்கிறது. சனிக்கிழமை மற்றவர்களை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், இவோனாவை மட்டும் இரண்டு மணிக்கு. அந்த இரண்டு மணி நேரம் உன்னுடையது. தட்டிலிருந்து அவள் தெரிந்துகொள்ள வேண்டாம். உன் வாயால் கேட்கட்டும்.

நீ வராவிட்டாலும் அவள் வருவாள், தாமியான். கதவைத் திறக்கப்போவது நான்.

மாதா உன் கூடவே வழி நடக்கட்டும்.

உன் அக்கா,
லுத்விகா