ஒத்திகையில் போட்ட முடிச்சு

1992 மார்ச் 14, சனிக்கிழமை, மாலை நாலே முக்கால். உன் பள்ளிக்கூடத்திலிருந்து நான் அள்ளிக்கொண்டு வந்த சாமான் மொத்தம் ஒன்பது. என் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடக்கின்றன. எட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஒன்பதாவது, பேண்டேஜ் துணிச் சுருள். கோணியைப் பிரித்ததும் பிளீச்சிங் வாடை குப்பென்று அடித்தது. அதற்குப் பிறகு வேறு வேலை ஓடவில்லை.

உங்கள் தலைமை ஆசிரியர் ஆண்டு மலருக்காக உன்னைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார். "நாடகம் வேண்டாம் தம்பி. அதுக்குப் பதிலா நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார். நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு வராது. அதனால் உனக்கே எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும்.

படிக்கப்போகிறவர்களுக்காக நீ போட இருந்த அந்த நாடகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடத்தில் சுருக்கிப் போட்டிருக்கும் பழைய கிரேக்க நாடகம். ஊர்மேல் படையெடுத்து வந்து செத்தவனுக்கு யாரும் எந்தச் சடங்கும் செய்யக் கூடாது, ஒரு பிடி மண்கூடத் தள்ளக் கூடாது என்பது ராஜாவின் உத்தரவு. தங்கை மட்டும் போய் மண் அள்ளிப் போடுகிறாள். அதற்காக அவளுக்குத் தண்டனை. நீயும் நானும் ராஜபாளையத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படித்தோம். படித்தோம் என்றா சொன்னேன்? வாத்தியார் எழுதிப்போட்ட கட்டுரையை மனப்பாடம் செய்தோம். நான் பாலிடெக்னிக் போய் மில்லில் மெயின்டனன்ஸ் வேலைக்கு வந்தேன். நீ பி.எட். முடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே பாடத்துக்கு வாத்தியார் ஆனாய்.

போன கார்த்திகையில் மில் கேட்டுக்கு வந்து வாட்ச்மேனிடம் என்னைக் கூப்பிடச் சொன்னாய். நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் மோட்டார் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. எரிச்சலோடு வந்தேன். உனக்கு வேண்டியது நூல் சுற்றும் பேப்பர் கோன். நசுங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை.

"எதுக்குலே?"

"அரண்மனைக்குத் தூணு."

இந்தப் பாடத்துக்குப் பரீட்சைக் கட்டுரை கிடையாது, வகுப்பு நான்கு குழுவாகப் பிரிந்து குழுவுக்கொன்று செய்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தாய். ஒரு குழு அந்த ஊரை மாதிரியாகக் கட்டும். ஒரு குழு அந்த ஊரின் மறுநாள் செய்தித்தாளைத் தயாரிக்கும். ஒரு குழு ராஜாவைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும். நாலாவது குழு பிணமும் மண்ணும் வரும் காட்சியை நடிக்கும். இதெல்லாம் மார்க் ஆகுமா என்று கேட்டேன். "நாம படிச்சப்ப, அந்தப் பொண்ணு எதுக்கு மண்ணை அள்ளுனான்னு ஒருத்தன் கேட்டமா?" என்றாய். எனக்கு மோட்டார் நினைப்பு. கோனை எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி பண்ணு என்றேன்.

அப்புறம் என்னையும் இழுத்துவிட்டாய். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்தேன். பால்கோவா டின்களை வெட்டி விளக்குக்கு மறைப்புச் செய்தேன். மண்பானையில் உப்புத் தண்ணீர் ஊற்றித் தகட்டை இறக்கி ஏற்றினால் வெளிச்சம் கூடிக் குறைகிற மாதிரி ஒரு டிம்மர் செய்தேன். பிள்ளைகள் பானைக்குப் பக்கத்தில் வந்தால் கத்தினேன். கோன் தூண்களோடு நின்ற கிரேக்க ஊரைப் பார்த்து, அளவு தப்பு, அரண்மனையைவிட ஆள் பெரிதாக இருக்கிறான் என்றேன். நீ அதைக் காதில் வாங்காமல் ஊரின் தெற்கு ஓரத்தைக் காட்டினாய். சுடுகாடும் அதற்கு ஒரு தகரக் கொட்டகையும் வைத்திருந்தார்கள். "பாத்தியா, நம்மூருக்கே கொண்டு வந்துட்டானுவ" என்று உனக்கு ஒரே குஷி.

பிணமாகப் படுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. எந்தப் பையனைச் சொன்னாலும் மறுநாள் அவன் அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். கடைசியில், நானே படுக்கேன் என்று படுத்துவிட்டாய். துணியால் மூடுகிற வேலை வேலுச்சாமிக்கு. அவன் அப்பா எங்கள் மில்லில் நைட் ஷிப்ட். பையன் அதிகம் பேசமாட்டான், எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்வான். பேண்டேஜ் துணியில் ஒரு துண்டு கிழித்து உன் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து இறுக்கமாக முடிச்சுப் போட்டான்.

நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய். "ஏலே, ராஜா ஒண்ணுமே செய்யக் கூடாதுன்னுருக்காரு. நீ பாட்டுக்குக் கட்டுத?"

"சும்மா விட்டா காலு விரிஞ்சிருமே சார்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. இவனுக்குப் பாடம் முழுசும் புரிஞ்சிருச்சு, இது அப்படியே இருக்கட்டும் என்றாய். அதற்குள் கடைசி மணி அடித்தது. பஸ் பிடிக்க எல்லோரும் ஓடினார்கள், வேலுச்சாமியும் ஓடினான். நீ கட்டின காலோடு சாக்கு ஓட்டம் போல மேடை விளிம்புவரை குதித்து வந்து, "அவுத்து விடுலே, நானும் வாரேன்" என்றாய். உட்கார்ந்து அவிழ்த்தேன். பயல் போட்டிருந்தது நல்ல முடிச்சு, நகம் வலித்தது. அப்போதே உன் கண் மஞ்சளாக இருந்ததைப் பார்த்துக் கேட்டேன். சாக்பீஸ் தூசு என்றாய். கேட்டதும் நான்தான், அதை நம்பியதும் நான்தான்.

பிப்ரவரியில் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வேனில் கொண்டுவந்தார்கள். காமாலை ஈரலைத் தின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த தாள் என் சட்டைப்பையில் இருந்தது. உன் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக மாலையோடு வந்தார்கள். எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். வேலுச்சாமி மட்டும் உன் கால்மாட்டிலேயே நின்றான். கட்டைவிரல் கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். நகரச் சொல்லித் தோளைத் தொட்டேன். சட்டை நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆசிரியர்கள் அறையில் வேறு பேச்சு. உயிரோடு இருக்கிறவனைப் படுக்கவைத்துக் கால் கட்டினால் சும்மா போகுமா என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் தலையாட்ட, அது பிள்ளைகள் காதுக்குப் போய்விட்டது. நாடகத்தை நிறுத்தியதற்கு இதுதான் காரணம். தலைமை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பரீட்சைக்கு அறை வேண்டும், சாமானை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

போன ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவன் அம்மா என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். மூணு வாரமாப் பிள்ளை சரியாகச் சாப்பிடலை, ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிடுதான், இவன் அப்பாவும் கேட்டுப் பாத்துட்டாக, வாயைத் திறக்கமாட்டேங்கான் என்றாள். அவனைத் தெருமுனைவரை நடத்திக்கொண்டு போனேன். டாக்டர் தாளைப் பிரித்து வரிக்கு வரி படித்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தரையைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று சொன்னான்.

"நான் கட்டுனேன் சார். பெல் அடிக்கவும் அவுக்காம ஓடிட்டேன்."

"நான் அவுத்தேன்லே. நீ போன செத்த நேரத்துல நானே அவுத்துட்டேன்."

"நீங்க சும்மா சொல்லுதிய."

உள்ளதைத்தான் சொன்னேன், ஆனால் அவன் நம்பவில்லை. ஃபியூஸ் போனால் மாற்றலாம், மோட்டார் காயில் எரிந்தால் புதிதாகச் சுற்றலாம். இதை என்ன செய்வது? இந்த ஒரு வாரமாக மில்லில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருக்கிறேன். நீ இருந்திருந்தால் அவனோடு பேசியே சரிசெய்திருப்பாய். இல்லை, நீ பேசமாட்டாய். செய்து காட்டு என்று சொல்லியிருப்பாய். உனக்கு எல்லாமே செய்து காட்டுகிற கணக்குத்தான்.

இன்றைக்குச் சுருளைப் பிரித்தபோது அவன் கிழித்த நுனி அப்படியே இருந்தது. விரலில் சுற்றிப் பார்த்தேன். அன்றைக்கு முடிச்சை அவிழ்த்த விரல். நீ எனக்கு விட்டுப்போனது இந்த ஒரு வேலைதான். சோகமாக எழுத எனக்கு நேரமில்லை. செய்யப்போவதை எழுதிவிடுகிறேன்.

1. திங்கட்கிழமை தலைமை ஆசிரியரிடம் இந்தத் தாள்களைக் கொடுப்பேன். மலருக்கு இதுதான் என்பேன். பதிலுக்கு ஒரு சாயங்காலமும் மேடையும் கேட்பேன். பிணமும் வேண்டும், கால்கட்டும் வேண்டும் என்பேன்.

2. அவர் மறுத்தால் மில் கேன்டீன் பின்னால் இருக்கிற ஷெட்டில் நடத்துவேன். கரண்டுக்கு அங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லை.

3. டிம்மர் பானையில் விரிசல் விட்டிருக்கிறது. வேறு வாங்க வேண்டும்.

4. வேலுச்சாமிக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்ப மாட்டேன். நானே போய் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவேன். அவன் அம்மாவும் முன்வரிசையில் உட்கார வேண்டும்.

5. பிணமாக நான் படுப்பேன். என் அம்மாவிடம் அன்றைக்குக் காலையில்தான் சொல்வேன். கல்யாணம் ஆகாதவன் என்று கத்துவாள், கத்தட்டும்.

6. அவன் எனக்குக் கட்டுவான், எப்போதும் போல இறுக்கமாக. காட்சி முடிந்ததும் அவனே அவிழ்ப்பான், எல்லோரும் பார்க்க. அதுவரை மணி அடித்தாலும் யாரும் ஓடக் கூடாது.

7. எழுந்து நடந்து வந்து, அவனைச் சைக்கிளில் ஏற்றி வீட்டில் விடுவேன். மறுநாள் காலையிலும் அவன் கண்ணில் படும்படி அவன் தெருவழியே வேலைக்குப் போவேன். அதற்கு மறுநாளும் போவேன். அவன் என்னைக் கவனிக்காமல் விளையாடிக்கொண்டிருக்கிற ஒரு நாள் வரும். அன்றைக்கு வழியை மாற்றிக்கொள்கிறேன்.